தரைதட்டப் பிறந்த கப்பல்

கடற்படையில் ஒரு கேப்டன் தன் வேலைக்குத் தானே உலை வைத்துக்கொள்ள நிச்சயமான வழி ஒன்று உண்டு: கப்பலைத் தரைதட்ட வைப்பது. மெமோ வரும், விசாரணை வரும், மாமனார் வீட்டில்கூட மரியாதை குறையும். ஆனால் இரண்டாம் உலகப் போரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்களின் கேப்டன்களுக்கு, வேண்டுமென்றே மணலில் கொண்டுபோய் முட்டுவதற்காகவே சம்பளம் கொடுத்தார்கள். ஒழுங்காக முட்டியவருக்குச் சபாஷ். பயந்து தள்ளி நின்றவருக்குத் திட்டு.

லேண்டிங் ஷிப் டாங்க் என்பது அந்தக் கப்பலின் முழுப்பெயர். சுருக்கமாக எல்.எஸ்.டி. தமிழில் எழுதினால் இதே பெயர் வருகிற போதை மருந்து ஒன்றும் அதே போர்க்காலத்தில்தான் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. இரண்டிலும் ஏறியவர்களுக்குத் தலை சுற்றியது என்பதைத் தவிர வேறு ஒற்றுமை கிடையாது.

கதை தொடங்குவது 1940இல், டன்கிர்க் கடற்கரையில். ஹிட்லரின் படை பிடரியில் மூச்சுவிட, பிரிட்டிஷ், பிரெஞ்சு வீரர்கள் 3,38,000 பேர் நாசகாரிக் கப்பலில் தொடங்கி உல்லாசப் படகு வரை கிடைத்ததில் எல்லாம் தொற்றிக்கொண்டு தப்பினார்கள். ஆள் வந்து சேர்ந்தான், சாமான் வரவில்லை. 60,000க்கும் மேற்பட்ட வண்டிகள், நூற்றுக்கணக்கான டாங்கிகள், எல்லாம் ஜெர்மானியருக்குச் சீதனமாகப் போயின.

சர்ச்சில் பிரதமராகி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஊரே பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மனிதர் திரும்பப் போய் இறங்குவதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அதுவும் டாங்கியோடு, துறைமுகமே இல்லாத கரையில். இந்த விஷயத்தில் அவருக்கு முன் அனுபவம் உண்டு, கெட்ட அனுபவம். 1915இல் கல்லிப்போலியில் ‘ரிவர் கிளைட்’ என்ற நிலக்கரிக் கப்பலின் பக்கவாட்டில் வாசல் வெட்டி, படை வீரர்களை உள்ளே அடைத்து, கரையில் மோதவிட்டார்கள். துருக்கிய இயந்திரத் துப்பாக்கிகள் அந்த வாசல்களையே பார்த்துக்கொண்டிருந்தன. வெளியே வந்தவர்களில் பெரும்பாலோர் கரையை மிதிக்கவே இல்லை. அந்தப் படையெடுப்பு படுதோல்வியாக, சர்ச்சிலின் கடற்படை மந்திரி பதவியும் பறிபோனது. கால் நூற்றாண்டு கழித்து அதே மனிதர், அதே யோசனை. இந்தத் தடவை வாசல் மூக்கில் இருக்கட்டும் என்பதுதான் முன்னேற்றம்.

பிரிட்டிஷ்காரர்கள் முதலில் கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கப் பார்த்தார்கள். வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரியிலிருந்து எண்ணெய் ஏற்றிவரும் டாங்கர்கள் சில இருந்தன. ஏரியின் வாயில் மணல்திட்டு இருந்ததால் அடிப்பாகம் அதிகம் அமிழாதபடி கட்டியவை. அவற்றில் மூன்றைப் பிடித்து, மூக்கை அறுத்து, கதவு வைத்து, எண்ணெய்க்குப் பதில் டாங்கிகளை ஏற்றினார்கள். வேலை செய்தது. ஆனால் மெதுவோ மெது. உடனே கடற்படைக்கு ரோஷம் வந்தது. வேகமாகப் போகிற கப்பல்தான் வேண்டும் என்று பாக்ஸர், புரூஸர், த்ரஸ்டர் என்று குத்துச்சண்டை வீரர்களைப் போலப் பெயர் வைத்து மூன்றைப் புதிதாகக் கட்டினார்கள். வேகம் 18 நாட். வேகத்துக்குக் கூர்மையான உடல் வேண்டும், கூர்மையான உடல் தண்ணீரில் ஆழமாக இறங்கும், ஆழமாக இறங்கினால் கரைக்கு எட்டாமல் தூரத்திலேயே தட்டும். அந்தத் தூரத்தைத் தாண்ட நீள நீளமான சாய்தளம் ஒன்றைக் கப்பலுக்குள் மடித்துவைக்க, அதுவே பாதி இடத்தைத் தின்றது. மூன்றோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்து எல்லாரும் செய்வதையே பிரிட்டனும் செய்தது. அமெரிக்காவிடம் போய் நின்றது.

1941 நவம்பர். அமெரிக்கா இன்னும் போருக்குள் காலே வைக்கவில்லை. வாஷிங்டனில் கப்பல் வடிவமைப்பு அலுவலகத்தில் ஜான் நீடர்மயர் என்ற பொறியாளரிடம் பிரிட்டனின் கோரிக்கை வந்தது. கோரிக்கை சாதாரணமானதல்ல. கப்பல் அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும், அதற்கு ஆழமாக மிதக்க வேண்டும். அதே கப்பல் கரையில் போய் ஒட்ட வேண்டும், அதற்கு மிதப்பே தெரியாமல் மிதக்க வேண்டும். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே நேரத்தில் பிடித்தவனாக இருக்கச் சொல்வதற்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல. பிரிட்டன் ஓராண்டுக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொண்ட இந்தப் புதிருக்கு நீடர்மயர் சில மணி நேரத்தில் ஒரு தாளில் பென்சிலால் விடை போட்டார். நீர்மூழ்கியிடமிருந்து கடன் வாங்கிய விடை: கப்பலின் வயிற்றில் தண்ணீர்த் தொட்டிகள். நடுக்கடலில் தொட்டியை நிரப்பு, கப்பல் அமிழ்ந்து உட்காரும். கரை வந்ததும் பம்ப் போட்டு வெளியேற்று, கப்பல் எழும்பும். இறங்கும் நேரத்தில் முன்பக்கம் நாலடித் தண்ணீர் இருந்தால் போதும்.

அவர் வரைந்ததை அழகு என்று யாரும் சொன்னதில்லை. 328 அடி நீளம், 50 அடி அகலம், தட்டையான அடி. ஒரு பீரோவைப் படுக்கப்போட்டு மிதக்கவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. முன்பக்கம் இரட்டைக் கதவு இருப்பதால் உவமை இன்னும் பொருந்துகிறது. உள்ளே புடவைக்குப் பதில் ஷெர்மன் டாங்கிகள்.

தட்டை அடி என்றால் கரையில் சொகுசு, கடலில் நரகம். சின்ன அலைக்கும் புரளும், பெரிய அலைக்கு மூக்கைத் தூக்கித் தொப்பென்று அறையும், அந்த அதிர்ச்சியில் மேல்தளமே நெளிவது கண்ணுக்குத் தெரியும். இதில் ஏறிய தரைப்படைக்காரர்கள் எதிரிக் கரையில் இறங்கும்போது காட்டிய வீரத்துக்கு ஒரு காரணம், திரும்பக் கப்பலில் ஏற வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

இன்னொரு சிக்கல்: மூடிய வயிற்றுக்குள் இருபது டாங்கிகள் ஒரே நேரத்தில் என்ஜினைக் கிளப்பினால், கதவு திறக்கும்போது ஓட்டுகிறவன் உயிரோடு இருப்பானா? சோதிக்கக் கப்பல் தயாராகவில்லை. எனவே கடலே இல்லாத கென்டக்கியில், தங்கத்தைப் பூட்டிவைத்திருக்கும் அதே ஃபோர்ட் நாக்ஸில், கப்பலின் வயிற்றை மட்டும் ஒரு கட்டடமாகக் கட்டினார்கள். உள்ளே டாங்கிகளை நிறுத்தி, புகையைக் கிளப்பி, எத்தனை விசிறி எங்கே வைக்கலாம் என்று பார்த்தார்கள்.

சரி, யார் கட்டுவது? கடலோரக் கப்பல் தளங்களில் எல்லாம் விமானந்தாங்கியும் நாசகாரியும் படுத்திருந்தன. 1942 ஜூனில் நியூபோர்ட் நியூஸில் முதல் எல்.எஸ்.டி.க்கு அடிக்கட்டை போட்டார்கள். ஒரு தளத்தில் எல்.எஸ்.டி.களுக்கு இடம் வேண்டி, ஒரு விமானந்தாங்கிக்காகப் போட்டிருந்த அடிக்கட்டையை அவசரமாகக் கழற்றி ஓரம் கட்டினார்கள். ராஜா வீட்டுப் பிள்ளையை எழுப்பிவிட்டு வேலைக்காரன் பிள்ளையைத் தொட்டிலில் போட்டது அமெரிக்கக் கடற்படை வரலாற்றில் அடிக்கடி நடந்ததில்லை. ஆனால் ஆயிரம் பிள்ளைக்குத் தொட்டில் எங்கே?

கடற்படை உள்நாட்டுப் பக்கம் திரும்பியது. இண்டியானா, இல்லினாய், பென்சில்வேனியா. சோளக்காடுகள். கடல் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி. அங்கே ஆற்றங்கரையில் தளம் போட்டு, பாலம் கட்டும் கம்பெனிகளிடம் கப்பல் கட்டச் சொன்னார்கள். மிசௌரி வேலி பிரிட்ஜ், ஷிகாகோ பிரிட்ஜ், அமெரிக்கன் பிரிட்ஜ். பெயரைப் பார்த்தாலே தொழில் தெரியும். நேற்றுவரை டிராக்டர் ஓட்டியவரும், அடுக்களையை விட்டு வந்த பெண்களும் வெல்டிங் பிடித்தார்கள். என்ஜின் ரயிலிலிருந்து வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் ரயில் வண்டிக்குப் போடும் அதே ரக டீசல், கப்பலுக்கு இரண்டு. ஆக, பாலக்காரர் கட்டி, ரயில் என்ஜின் பூட்டி, விவசாயி பற்றவைத்த கப்பல். இல்லினாயின் செனகா என்ற சிற்றூர் 157 கப்பல்களைப் பெற்றது. இண்டியானாவின் எவான்ஸ்வில் 167.

நதி குறுகலானது, நேராக இறக்கினால் எதிர்க்கரையில் ஏறிவிடும். அதனால் பக்கவாட்டில் தள்ளினார்கள். கட்டைகளை உருவியதும் 328 அடிக் கப்பல் மொத்தமாகச் சரிந்து, அப்படியே ஒருக்களித்து ஒஹாயோ ஆற்றில் விழும். எழும்பும் அலை கரையில் வேடிக்கை பார்க்கும் ஊரைக் குளிப்பாட்டும். ஒரு கணம் கவிழ்ந்தேவிட்டது போலச் சாயும், பிறகு சோம்பல் முறித்து நிமிரும். அங்கிருந்து மிசிசிப்பி வழியாக நியூ ஆர்லியன்ஸ் வரை ஆற்றுப் பயணம். வழியில் பாலங்கள். பாலம் கட்டினவனே கட்டிய கப்பல் பாலத்தில் இடிக்குமோ என்ற கவலையில், கடற்படை சில பாலங்களை மாற்றியமைக்க வேண்டியிருந்தது. கொடிமரத்தைக் கடைசியில்தான் நட்டார்கள். ஏறிய மாலுமிகளில் பலர் அதற்குமுன் கடலைப் பார்த்ததே இல்லை, அது கப்பலுக்கும் பொருந்தும்.

தொடக்கத்தில் மாதக்கணக்கில் இழுத்த வேலை, போர் முடியும்போது ஒரு கப்பலுக்கு இரண்டே மாதம் என்று ஆயிற்று. மொத்தம் 1,051. இத்தனை பிள்ளைகளுக்குப் பெயர் யோசிக்க யாருக்கும் பொறுமை இல்லை, எண் போட்டு அனுப்பினார்கள். மாலுமிகள்தான் எல்.எஸ்.டி. என்ற மூன்றெழுத்துக்குப் புது விரிவு கண்டுபிடித்தார்கள்: லார்ஜ், ஸ்லோ டார்கெட். பெரிசு, மெதுசு, சுடுவதற்கு ஏற்றது. காகிதத்தில் வேகம் 12 நாட். அணிவகுப்பில் அதற்கும் குறைவு.

இப்போது மேலிடத்துக்கு வருவோம். ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் என்று சரித்திரப் புத்தகத்தில் மூன்று பெரியவர்கள் உலக வரைபடத்தின் மேல் குனிந்து நிற்கும் படங்கள் உண்டு. அவர்கள் பூகோளம் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் எல்.எஸ்.டி. எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிரான்ஸில் இறங்கக் கொஞ்சம், இத்தாலியில் கொஞ்சம், பசிபிக்கில் கொஞ்சம். எப்படிக் கூட்டினாலும் துண்டு விழுந்தது. அமெரிக்கக் கடற்படைத் தளபதி கிங், கோபம் வராத நாள் கிடையாது என்று பெயர் வாங்கியவர், தன் பசிபிக் பங்கில் கைவைக்க விடமாட்டார். இரண்டு மகா சாம்ராஜ்யங்களின் தலையெழுத்து எல்.எஸ்.டி. என்ற பாழாய்ப்போன சாமானில் போய்த் தொங்குகிறதே என்று சர்ச்சில் கெட்ட வார்த்தை சேர்த்துப் புலம்பியதாகச் சொல்வார்கள். பிரான்ஸ் படையெடுப்பு 1944 மேயிலிருந்து ஜூனுக்குத் தள்ளிப்போனதற்கு ஒரு காரணம், இன்னும் ஒரு மாத உற்பத்தி கையில் கிடைக்குமே என்பது. தென் பிரான்ஸில் அதே நேரத்தில் இறங்குவதாக இருந்த இன்னொரு படையெடுப்பு ஆகஸ்ட் 15 வரை காத்திருந்தது. செனகாவில் யாருக்காவது வெல்டிங் தேர்ச்சி இல்லையென்றால் மார்சேயில் விடுதலை தாமதம்.

நம் வங்காள விரிகுடாவும் இந்தக் கணக்கில் மாட்டியது. 1943 நவம்பரில் கெய்ரோவில் ரூஸ்வெல்ட், சீனத் தலைவர் சியாங் கை-ஷேக்கிடம் வங்காள விரிகுடாவில் கடல்வழித் தாக்குதல் உண்டு என்று வாக்குக் கொடுத்தார். குறி அந்தமான், அப்போது ஜப்பானியர் கையில். சியாங் சந்தோஷமாக ஊர் திரும்பினார். ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் டெஹ்ரான் போனார்கள். அங்கே ஸ்டாலின், பிரான்ஸில் இறங்குவது எப்போது என்று கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டார். திரும்பக் கெய்ரோ வந்து கப்பலை எண்ணிப் பார்த்தால் அந்தமானுக்கு மிச்சமில்லை. டிசம்பர் 5, வாக்கு வாபஸ். தென்கிழக்கு ஆசியத் தளபதி மவுண்ட்பேட்டனிடம் இருந்த தரையிறங்கு கப்பல்களை மத்தியதரைக் கடலுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதே மாதக் கடைசியில் நேதாஜி போர்ட் பிளேரில் வந்து கொடியேற்றினார். அந்தமான் மக்கள்தான் பசியும் சித்திரவதையுமாக 1945 வரை ஜப்பானியரிடம் அல்லாடினார்கள். அவர்களிடம் போய்க் கப்பல் பற்றாக்குறை என்று யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள்.

கிண்டலைக் கொஞ்சம் நிறுத்த வேண்டிய இடமும் ஒன்று இருக்கிறது. 1944 ஏப்ரல் 28 அதிகாலை, இங்கிலாந்தின் ஸ்லாப்டன் கடற்கரையில், பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்குவதற்கான ஒத்திகை. எட்டு எல்.எஸ்.டி.கள் வரிசையாக வந்தன. காவலுக்கு வர வேண்டிய நாசகாரி முந்தைய மோதலில் ஓட்டை விழுந்து துறைமுகத்தில் நின்றுவிட்டது. கரையும் கப்பலும் வேறு வேறு வானொலி அலைவரிசையில் இருந்தன. ஷெர்பர்க்கிலிருந்து ஜெர்மானிய வேகப் படகுகள் வந்தன. இரண்டு கப்பல்கள் மூழ்கின, ஒன்று சிதைந்தது. மிதவைப் பட்டையை மார்பில் கட்டாமல் இடுப்பில் கட்டியிருந்த பலர், முதுகுச் சுமை கவிழ்க்கத் தலைகீழாக மிதந்து இறந்தார்கள். 700க்கும் மேல். வெளியே மூச்சுவிடக் கூடாது என்று உத்தரவு. படையெடுப்பின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவரின் கையிருப்பில் உபரி எல்.எஸ்.டி. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

படையெடுப்பு நாளான ஜூன் 6 வந்தது. தரைதட்டுவது எப்படி என்பதைக் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். கரை நெருங்குகிறது. தொட்டித் தண்ணீர் வெளியேறிக் கப்பல் எழும்புகிறது. கரைக்குச் சற்றுமுன் பின்பக்க நங்கூரத்தைப் போட்டு, கம்பிவடத்தை விட்டுக்கொண்டே போகிறார்கள். வயிறு மணலில் உரசும் சத்தம். கதவு இரண்டும் விரிய, சாய்தளம் சங்கிலியில் இறங்க, முதல் டாங்கி கண் கூசிக்கொண்டு வெளியே வருகிறது. எல்லாம் இறங்கியதும் நங்கூர வடத்தைச் சுருட்டினால் கப்பல் தன்னைத்தானே பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். வந்த வேலை முடிந்தால் வாசலிலேயே நின்று பேசாத விருந்தாளி.

நார்மண்டியில் ஓதம் இறங்கினால் கடல் வெகுதூரம் ஓடிவிடும். கப்பலை மணலில் விட்டுவிட்டுத் தண்ணீர் போய்விட்டால் முதுகு முறியுமோ என்று அதிகாரிகளுக்குப் பயம். கரையில் துறைமுகமும் கிடையாது. அதனால் நேச நாடுகள் பெருஞ்செலவில் கான்கிரீட் துறைமுகங்களையே செய்து, ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பால் இழுத்துவந்து பொருத்தின. பொறியியல் அற்புதம், மேலிடத்தின் செல்லப் பிள்ளை. ஜூன் 19இல் அடித்த புயல் அமெரிக்கர்களின் அற்புதத்தைப் பிரித்து மேய்ந்துவிட்டது. எல்.எஸ்.டி.யையோ துணிந்து மணலில் காயவிட்டார்கள். பீரோ முறியவில்லை. தட்டை அடியோடு உலர்ந்த மணலில் ஹாயாக உட்கார்ந்திருந்தது. லாரிகள் ஈரமில்லாத தரையில் நேராக இறங்கி ஓடின. மாலுமிகள் இறங்கிக் கப்பலைச் சுற்றி வந்து அடிப்பாகத்தைப் பார்த்தார்கள். அடுத்த ஓதத்தில் எழுந்து கிளம்பியது. இப்படி இறங்கிய சரக்கு, துறைமுகம் இருந்தபோது இறங்கியதை மிஞ்சியது. துறைமுகத்துக்குச் செலவு எழுதிய கணக்கர்கள் அன்று என்ன சாப்பிட்டார்களோ.

திரும்பும்போது காலி வயிற்றில் காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டது. நார்மண்டியிலிருந்து இப்படி 41,035 பேர். உள்ளே தண்டவாளம் போட்டு ரயில் பெட்டிகளையும் ஷெர்பர்க்குக்குக் கொண்டுபோனார்கள். சிலவற்றின் மேல் ஓடுதளம் போட்டுக் குட்டி விமானம் கிளப்பினார்கள். இதில் எதற்கும் அது மாட்டேன் என்று சொன்னதில்லை. ‘பெரிசு, மெதுசு’ என்று கேலி செய்யப்பட்டதில் எதிரியால் போனது 26தான். புயலிலும் பாறையிலும் விபத்திலும் போனது 13.

போர் முடிந்ததும் பிரிட்டனில் ஃபிராங்க் பஸ்டர்டு என்பவர் சிலவற்றை வாடகைக்கு எடுத்தார். டாங்கி ஏறி இறங்கும் கப்பலில் லாரி ஏறி இறங்காதா என்பது அவர் கேள்வி. 1946 செப்டம்பரில் டில்பரியிலிருந்து ராட்டர்டாமுக்கு முதல் பயணம். இன்று கார், லாரி நேராக உள்ளே ஓடி ஏறும் ஃபெரிகளுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா இவர் கப்பல்தான். நம் கடற்படையும் 1949இல் பிரிட்டனில் கட்டியது ஒன்றை வாங்கி ‘மகர்’ என்று பெயரிட்டது. முதலை. அந்த வாயைப் பார்த்த எவரும் வேறு பெயர் யோசித்திருக்க மாட்டார்கள்.

1950 செப்டம்பர் 15, கொரியாவின் இஞ்சோன். ஓதம் முப்பது அடிக்கு மேல் ஏறி இறங்கும் சேற்றுத் துறை. மாலை ஏற்றத்தில் முட்டி நிற்கும் கப்பல், மறு ஏற்றம் வரும்வரை சேற்றில் அசையாமல் கிடக்க வேண்டும், வயிறு நிறைய வெடிமருந்தோடு. அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் அதையே செய்தார். அந்தப் படையெடுப்பின் எல்.எஸ்.டி.களில் பெரும்பகுதியை ஓட்டியவர்கள் ஜப்பானிய மாலுமிகள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே கப்பலைச் சுட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இதன் பலவீனம் நன்றாகவே தெரிந்திருக்கும்.

2000இல் சராசரி வயது 72 உள்ள அமெரிக்கத் தாத்தாக்கள் கிரேக்கத்திலிருந்து எல்.எஸ்.டி. 325ஐ ஓட்டிக்கொண்டு அட்லாண்டிக்கைத் தாண்டக் கிளம்பினார்கள். குளிர்காலத்தில் இது வேண்டாத வேலை என்று அதிகாரிகள் சொன்னார்கள். காது கேட்காத வயதின் சௌகரியங்கள் பல. 2001 ஜனவரி 10இல் அலபாமாவின் மொபைல் துறைமுகத்தில் வந்து சேர்ந்தார்கள். இப்போது அந்தக் கப்பல் எவான்ஸ்வில்லில் அருங்காட்சியகம்.

அதே எவான்ஸ்வில்லில் 1944இல் பக்கவாட்டில் விழுந்த எல்.எஸ்.டி. 821 கதை வேறு. ‘ஹார்னெட் கவுன்டி’ என்ற பெயரில் அமெரிக்காவுக்கும், ‘மை தோ’ என்ற பெயரில் தென் வியட்நாமுக்கும் உழைத்து, 1975இல் சைகோன் விழுந்தபோது அகதியாகப் பிலிப்பைன்ஸ் வந்து ‘சியரா மாத்ரே’ ஆனது. 1999இல் தென்சீனக் கடலின் செகண்ட் தாமஸ் திட்டில் பிலிப்பைன்ஸ் கடற்படை அதைக் கொண்டுபோய் வேண்டுமென்றே தரைதட்டவிட்டது. சீனா உரிமை கொண்டாடும் திட்டு. இழுத்துக்கொண்டு போங்கள் என்கிறது சீனா. போவதாக நாங்கள் எப்போது சொன்னோம் என்கிறது மணிலா. துருவேறி ஓட்டை விழுந்த அந்தக் கூட்டுக்குள் ஒரு சிறு கடற்படைக் காவல், அவர்களுக்குச் சோறு தண்ணீர் கொண்டுபோன படகுகளின் மேல் சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் தண்ணீர் பீய்ச்சியதும் உண்டு. 2024 ஜூனில் நடந்த கைகலப்பில் ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமிக்குக் கட்டைவிரல் போயிற்று. கப்பலை ஓய்வுபெறச் செய்தால் அது வெறும் இரும்புக் குப்பை, யார் வேண்டுமானாலும் அப்புறப்படுத்தலாம். அதனால் செய்யவில்லை. ஆவணப்படி அது இன்றும் பணியில் இருக்கும் போர்க்கப்பல். வேகம் பூஜ்யம்.